நாள் குறிப்பவர் யார்?

வானகரம் மீன் அங்காடியிலே இரவெல்லாம் ஐஸ் பெட்டி இறக்கும் தோழர் ஒருவர், சென்ற கிழமை விடியற்காலையில் நம் வாயிலில் வந்து நின்றார். சட்டையிலே மீன் செதில். கையிலே ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் இரண்டு காகிதங்கள். ஒன்று, அவருடைய துணைவியாரின் ஸ்கேன் அறிக்கை. மற்றொன்று, பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணித்து எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

"அண்ணே, ரெட்டைப் புள்ளைன்னா கத்தி வெச்சே ஆவணுமாமே, நெசமா?" என்றார்.

உட்காரச் சொன்னோம். தேநீர் வந்தது. குடிக்கவில்லை, ஆறவிட்டுப் பேசினார். துணைவியார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் வேலை செய்கிறவர். முதற் கர்ப்பம். முப்பத்திரண்டு வாரம். வயிற்றில் இரண்டு பிள்ளைகள். அவசரத்துக்குக் கூட்டிப் போன தனியார் மருத்துவமனை ஒன்றில் — அது எது என்று எழுதப் போவதில்லை. வானகரத்தில் இருப்பது அன்று — "இரட்டை என்றால் சிசேரியன்தான், ஒன்றரை லட்சம் ஆகும், நாளை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தோழரின் தாயார் நாள் பார்க்கப் போனார். பங்குனி முடிய மூன்று நாள் இருக்கையில் ஒரு முகூர்த்தம் கிடைத்தது. அதை விட்டால் சித்திரை பிறந்துவிடும். சித்திரையிலே பிள்ளை பிறந்தால் குடிக்கு ஆகாதாம்!

"அவ என்ன சொல்றா?" என்று கேட்டோம்.

தோழர் விழித்தார். அவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவரும் அவளைக் கேட்டதில்லை.

இந்தப் பத்தியிலே நாம் வழக்கமாக ஆலைக் கதவடைப்பைப் பற்றியும் கூலி உயர்வைப் பற்றியும் எழுதுகிறோம். இன்று பிள்ளைப்பேற்றைப் பற்றி எழுதுகிறோம் என்றதும், "இது பெண்டுகள் சமாசாரம் ஆயிற்றே" என்று பக்கத்தைத் திருப்பும் தோழர்கள் இருக்கக்கூடும். திருப்ப வேண்டாம். கடன் வாங்கப் போகிறவர் நீங்கள். நள்ளிரவில் ஆட்டோ தேடப் போகிறவர் நீங்கள். "கையெழுத்துப் போடுங்கள்" என்று யாரோ காகிதத்தை நீட்டும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு கிறுக்கப் போகிறவரும் நீங்கள்தான்.

முதலில் ஒன்றைப் பெருமையோடு சொல்லிவிடுவோம். பிள்ளைப்பேற்றில் தாயைப் பறிகொடுக்கும் கொடுமையைக் குறைப்பதில் தமிழ்நாடு இந்தியாவில் முன்வரிசையில் நிற்கிறது. 2018 முதல் 2020 வரையிலான அரசுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர், தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19 என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், நாம் போகவேண்டிய தொலைவு தெரிவதற்காக. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலே, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. வீட்டுத் திண்ணையிலே துணி மறைத்துப் பிள்ளை பெற்ற காலம் மலையேறிவிட்டது.

ஆனால் அதே கணக்கெடுப்பின் அடுத்த வரியைப் படியுங்கள். தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களிலே நூற்றுக்கு 44.9 சிசேரியன்! அரசு மருத்துவமனைகளில் 36. தனியார் மருத்துவமனைகளில் 63.8. மூன்று பெண்கள் வாயில் நுழைந்தால், ஏறக்குறைய இரண்டு பேர் வயிற்றில் தையலோடு வெளியே வருகிறார்கள். அகில இந்தியக் கணக்கு 21.5. நம் பெண்களுடைய இடுப்பெலும்பு மட்டும் பிற மாநிலத்துப் பெண்களுடையதைவிட இருமடங்கு குறுகிவிட்டதா? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு நாட்டின் சிசேரியன் அளவு நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு, அது மேலும் உயர்வதால் தாய்சேய் மரணம் குறைவதாகக் காணோம் என்று சொல்கிறது.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, ஆஸ்பத்திரியே வேண்டாம், இயற்கைதான் வேண்டும்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அந்தக் கூட்டத்தின் கையிலே நம் எழுத்து சிக்கிவிடக் கூடாது. 2018-இல் திருப்பூரில், யூடியூப் காட்சியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஓர் இளம் தாய் உயிரிழந்ததை நாடு மறந்திருக்காது. சிசேரியன் ஓர் அருமையான கண்டுபிடிப்பு. குறுக்கே மாட்டிய குழந்தையோடு மூன்று நாள் துடித்துச் செத்த பாட்டிமார்களை உயிரோடு மீட்டிருக்கக்கூடிய கத்தி அது. (ரோமாபுரி ஜூலியஸ் சீசர் வயிற்றைக் கிழித்துப் பிறந்தவன், அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். கட்டுக்கதை. சீசரின் தாய் அவன் வளர்ந்து படைத்தலைவனானது வரையிலும் உயிரோடிருந்தாள். அந்தக் காலத்திலே வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைத்ததில்லை.) தேவைப்படும் இடத்தில் அந்தக் கத்தியை வரவேற்கிறோம். தேவையில்லாத இடத்திலே அது ஏன் என்றுதான் கேட்கிறோம்.

இனி, தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். இரட்டை என்றால் கத்தி வைத்தே தீர வேண்டுமா?

இதே கேள்வியை உலக மருத்துவர்களும் கேட்டார்கள். ஊகத்தை விட்டுச் சோதனையில் இறங்கினார்கள். கனடா நாட்டு டொராண்டோவிலிருந்து நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு அது. 25 நாடுகள், 106 மருத்துவமனைகள், இரட்டை சுமந்த 2,800-க்குச் சற்று மேற்பட்ட தாய்மார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் திட்டமிட்டுச் சிசேரியன். மறு பாதிக்குத் திட்டமிட்டு வலியெடுத்துப் பெறுவது; தேவை வந்தால் மட்டும் கத்தி. முடிவு என்ன? குழந்தை இறப்பதோ கடும் தீங்குக்கு உள்ளாவதோ சிசேரியன் பக்கத்தில் நூற்றுக்கு 2.2, இயல்பான பேற்றின் பக்கத்தில் 1.9. அதாவது, கணக்கிலே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கத்தி வைத்ததனால் குழந்தைகள் கூடுதலாகப் பிழைக்கவில்லை.

பிரெஞ்சு நாட்டிலே இன்னும் பெரிதாகப் பார்த்தார்கள். 176 மருத்துவமனைகளில் 5,915 தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, திட்டமிட்ட சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கே நோயும் மரணமும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது: அங்கே 5.2, இயல்பான பேற்றில் 2.2. அது சீட்டுக் குலுக்கிய சோதனை அன்று. ஆகவே எடையைச் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும். ஆனாலும் "இரட்டை என்றால் சிசேரியன்தான்" என்ற ஒரே வரித் தீர்ப்பை இந்த இரண்டு ஆய்வுகளும் தள்ளுபடி செய்துவிடுகின்றன.

இங்கே நம் தோழர்கள் அவசரப்பட்டுக் கைதட்டிவிடக் கூடாது. கனடா ஆய்விலே இயல்பாகப் பெறத் திட்டமிட்டவர்களிலும் நூற்றுக்கு 43.8 பேருக்குக் கடைசியில் சிசேரியன் செய்யவேண்டி வந்தது. முதற் குழந்தை இயல்பாகப் பிறந்து, இரண்டாவது குழந்தைக்காக வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். தாய்க்கு இரண்டு வலியும் ஒரே நாளில்! இதைச் சொல்லாமல் மறைத்து, "சுகப்பிரசவம், சுகப்பிரசவம்" என்று பாட்டுப் பாடுவதும் ஏமாற்றுத்தான்.

அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதுதான் உயிர்நிலை. முதலில் வெளியே வரவேண்டிய குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்படி இருப்பது ஏறக்குறைய ஐந்து இரட்டைகளில் நான்கு. அந்த முதற் குழந்தையே காலை நீட்டிக்கொண்டோ குறுக்கே படுத்தோ இருந்தால், பேச்சுக்கு இடமில்லை. சிசேரியன்தான் உகந்தது என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் முடிவு. இரண்டாவது குழந்தை எப்படி இருந்தாலும் பெரிதில்லை. முதற் குழந்தை பிறந்ததும் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது, அதுவும் புரளக்கூடும். ஆகவே தலை எங்கே என்று கேட்கும்போது, எந்தக் குழந்தையின் தலை என்று கேட்க வேண்டும்.

அடுத்தது நஞ்சு. ஊரிலே பாட்டிமார், "ஒட்டுப் பிள்ளையா, வேறு பிள்ளையா" என்று கேட்பார்கள். மருத்துவர் கேட்பது வேறு: இரண்டு குழந்தைக்கும் தனித்தனி நஞ்சா, ஒரே நஞ்சா? தனித்தனிப் பனிக்குடமா, ஒரே பனிக்குடமா? தனி நஞ்சு இருந்தால் அச்சம் குறைவு. ஒரே நஞ்சைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டைகளில், நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து கர்ப்பங்களில், ஒரு குழந்தையின் குருதி மற்றொன்றுக்குப் பாய்ந்து, ஒன்று வற்றி ஒன்று வீங்கிவிடும் ஆபத்து உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்த்தே தீர வேண்டும். ஒரே பனிக்குடத்துக்குள் இருவரும் மிதந்தால், கொடியோடு கொடி பின்னிக்கொள்ளும். அது நூறு இரட்டைகளில் ஒன்று என்ற அளவுக்கு அரிது. அங்கே 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் என்பது விவாதமின்றி ஏற்கப்பட்ட முடிவு. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காண உகந்த காலம் 11 முதல் 14 வாரம். அதற்குப் பிறகு வயிறு பெருத்துவிட்டால் ஸ்கேன் கருவிக்கும் தடுமாற்றம். மூன்றாம் மாதத்து ஸ்கேனை "கூலி போகுமே" என்று தள்ளிப்போடும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் தோழரின் உறையிலிருந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். இரண்டு நஞ்சு. இரண்டு பனிக்குடம். முதற் குழந்தை தலை கீழே. இரத்த அழுத்தம் சரி. இரத்தச் சோகை மட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48.3 பேருக்கு இருப்பதுதான் அது. தையல் இயந்திரத்தின் முன்னே ஒருவேளைச் சோற்றோடு பத்து மணிநேரம் உட்காருகிறவர்களுக்கு இல்லாமல் யாருக்கு இருக்கும்?

இப்போது பங்குனிச் சீட்டுக்கு வருவோம். அதுதான் நமக்கு ஆத்திரமூட்டியது.

முப்பத்திரண்டு வாரம் இன்று. சீட்டிலே குறித்த முகூர்த்தத்தன்று முப்பத்தைந்து வாரம். தனி நஞ்சுள்ள இரட்டைகள் கோளாறின்றி வளர்ந்தால், எத்தனை வாரம் வரை காத்திருப்பது நல்லது? 2016-இல் உலகின் 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 35,171 இரட்டைக் கர்ப்பங்களின் கணக்கைப் பார்த்தார்கள். 37 வாரம் என்று வந்தது. அதற்கு மேல் வயிற்றில் வைத்திருந்தால் உள்ளேயே இறக்கும் ஆபத்து; அதற்கு முன் எடுத்தால் வெளியே வந்து துன்பப்படும் ஆபத்து. இரண்டு தட்டும் சமமாகும் இடம் 37. ஒரே நஞ்சுள்ள இரட்டைகளுக்கு அதைவிடச் சற்று முன்னதாக, 36-ஐ ஒட்டி. நாள் பார்த்த பெருமகனாரோ, அந்த இரண்டு வாரத்தைத் தம் விரல் மடக்கிலே விழுங்கிவிட்டார்!

இரண்டு வாரம்தானே என்று நினைக்காதீர்கள். வயிற்றுக்குள்ளே இரண்டு வாரம் என்பது நுரையீரல் முதிரும் காலம். பால் உறிஞ்சும் பலம் வரும் காலம். தோலுக்கடியில் கொழுப்புச் சேர்ந்து உடற்சூடு நிற்கும் காலம். முன்னதாக எடுத்த பிள்ளை மூச்சுத் திணறும். கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். மஞ்சள் காமாலை காணும். கண்ணாடிப் பெட்டிக்கு நாள் வாடகை உண்டு. இரண்டு பிள்ளைக்கு இரண்டு பெட்டி. ஒன்றரை லட்சம் எங்கே போய் நிற்கும் என்று தோழர் கணக்குப் பார்த்தாரா? கணிதம் தெரிந்த ஜோதிடர் பார்த்தாரா?

சித்திரையிலே பிறந்தால் என்ன கேடு? ஆடியிலே புதுமணத் தம்பதிகளைப் பிரித்து வைப்பதற்கே காரணம் சித்திரைப் பிரசவம்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அக்கினி வெயிலிலே, மின்விசிறியும் மருந்தும் இல்லாத குடிசையிலே, பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் தவித்த காலம் அது. அந்த அச்சத்துக்கு அன்று ஒரு காரணம் இருந்தது. வெயில் போனது, காரணம் போனது, குடிக்கு ஆகாது என்ற பூச்சாண்டி மட்டும் நின்றுவிட்டது.

நட்சத்திரத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லட்டுமா? 1887 அக்டோபர் 14-இல், அன்றைய சென்னை மாகாணத்துக் கர்னூலிலே ஒரு தாய் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள். ஒரே நாள், ஒரே ஊர், ஒரே வயிறு. ஒருவர் ஆற்காடு இராமசாமி முதலியார். நீதிக் கட்சியின் மேடையிலே முழங்கியவர். அதன் ஆங்கில ஏட்டை நடத்தியவர். 1946-இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூகக் குழுவுக்கு முதல் தலைவராக அமர்ந்தவர். மற்றவர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். அவர் மருத்துவம் படித்தார். அதிலும் எந்தத் துறை? மகப்பேறு! இரட்டையாய்ப் பிறந்தவரே பிரசவ மருத்துவத்தின் பேராசிரியரானார். சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வர் அவர். 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவர் 1938-இல் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூல் திருத்திய பதிப்புகளாக இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. நேரு அரசு 1959-இல் அமைத்த சுகாதாரக் குழு அவர் தலைமையில்தான் கூடி, ஆரம்ப சுகாதார நிலையங்களை வலுப்படுத்துங்கள் என்று சொன்னது. ஒரே ஜாதகக் கட்டம் இருவருக்கும்! ஒருவருக்கு உலக மன்றம், ஒருவருக்குப் பிரசவ அறை. கட்டம் எழுதியவர் எதைக் கணித்தாரோ!

அவர்கள் பிறந்தபோது ஸ்கேன் இல்லை. இரட்டை என்பதே முதற் பிள்ளை விழுந்த பிறகும் வயிறு வடியாததைக் கண்டு மருத்துவச்சி அறிந்துகொண்ட காலம். ஆபத்து எப்போதும் அந்த இரண்டாவது பிள்ளையிடத்தில் இருந்தது. முதற் பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கும். இரண்டாவது பிள்ளை இன்னும் உள்ளே இருக்கையிலேயே நஞ்சு பிரிந்துவிடலாம். தொப்புள் கொடி முன்னே நழுவி நசுங்கலாம். பிள்ளை குறுக்கே புரளலாம். அந்த அரைமணி நேரத்திலே பிரசவ அறையில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் இரட்டைப் பேற்றின் வழக்கு முழுவதும். உள்ளே கைவிட்டுக் காலைப் பிடித்துத் திருப்பி எடுக்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். மயக்க மருந்து மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும், தொலைபேசியில் அன்று. இரண்டு குழந்தைகளையும் வாங்க இரண்டு சோடிக் கைகள் வேண்டும். இரத்தம் வேண்டும், இரட்டை சுமந்து விரிந்த கருப்பை சுருங்க மறுத்தால் குருதி குழாயாய்க் கொட்டும், இரத்தச் சோகை உள்ளவளுக்கு அது தாங்காது. தேவை என்றால் அரைமணிக்குள் வயிற்றைத் திறக்க அறுவைக்கூடம் வேண்டும். கனடா ஆய்வில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கு இந்த அரைமணி நிபந்தனை இருந்தது.

இவையெல்லாம் இல்லாத இடத்திலே, "சிசேரியன்தான்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது பேராசையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு மயக்க மருத்துவர் கிடைக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். பகல் பத்து மணிக்கு முடித்துவிடப் பார்க்கிறார். அவருடைய அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் அதை அப்படியே சொல்ல வேண்டும்: "என்னிடம் வசதி இல்லை, வசதி உள்ள இடத்துக்குப் போங்கள்" என்று. வசதிக் குறைவை உன் உடற்குறைபோல ஆக்கி விலை சொல்வதைத்தான் நாம் ஒப்ப மாட்டோம்.

வசதி எங்கே? வானகரத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே வந்தால், கோயம்பேடு தாண்டிப் பெரியார் பெயர் தாங்கிய அதே சாலையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இன்னும் சற்று வந்தால் எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை. 1844-இல் தொடங்கியது. நம் பாட்டன் பூட்டன் பலரை இந்த மண்ணிலே இறக்கி வைத்த இடம். கூட்டம் உண்டு, கட்டிலுக்கு நெருக்கடி உண்டு, ஆயாவின் அதட்டல் உண்டு. அதையெல்லாம் வேறொரு நாள் கண்டித்து எழுதுவோம். ஆனால் இரண்டாவது பிள்ளை குறுக்கே புரண்டால் பதறாத கைகள் அங்கே இருக்கின்றன. நாள்தோறும் அதைப் பார்க்கிற கைகள்.

தோழரின் துணைவியாருக்கு இன்னொரு கதவும் உண்டு. அவர் ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளி. மாதந்தோறும் கூலியிலே பிடிக்கிறார்களே, 2019 ஜூலையிலிருந்து நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி பங்கு மூன்றே கால். அந்தப் பணம் யாருடையது? கே.கே. நகரிலே மருத்துவக் கல்லூரியோடு கூடிய ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பேறுகால விடுப்பு, 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது, முதலிரண்டு பிள்ளைகளுக்கு. குறைமாதத்தில் பிறந்தாலோ பேற்றினால் நோய் கண்டாலோ மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். இரட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. ஆகவே இந்த ஒரு மாதத்தை மறக்க வேண்டாம். இத்தனை உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு, தோழர் கந்துவட்டிக்காரரிடம் ஒன்றரை லட்சத்துக்குப் பேசிவிட்டு வந்திருந்தார்!

காப்பீடு இல்லாத தாய்மார்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மாநில அரசு தரும் பேறுகால உதவி இருக்கிறது. 2006-இல் 6,000 ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் சத்துணவுப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து எண் வாங்கினால்தான் இது நடக்கும். 1927-இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்து, பெண்ணின் உடல் பிறர் உடைமை அன்று என்று வாதாடிய அந்த மருத்துவரின் பெயரை இதற்குச் சூட்டியது பொருத்தமே.

சரி, இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு முடிவு யாருடையது? நாமா? நாம் பத்திரிகைக்காரர்கள், மருத்துவர் அல்லோம். தோழரா? அவருக்கு வலியெடுக்கப் போவதில்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம், ஒரு பெண் மயக்கத்தில் இருக்கையில் அவள் தாயின் ஒப்புதலை மட்டும் வாங்கி அறுவை செய்த வழக்கிலே தெளிவாகச் சொன்னது: வயதுவந்த, தெளிந்த அறிவுள்ள நோயாளியின் ஒப்புதலே ஒப்புதல், அவசர உயிராபத்து இல்லாதபோது தாயோ பிறரோ போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. ஆனால் நம் மருத்துவமனைகளில் காகிதம் இன்னும் கணவனிடமே நீளுகிறது. பெரும்பாலான கணவர்களும் வாங்கிக்கொள்கிறார்கள்.

அவள் சிசேரியனையே விரும்பலாம். இரண்டு பிள்ளைகளை வலித்துப் பெற அஞ்சலாம். அந்த அச்சத்தைக் கேலி செய்ய எந்த ஆணுக்கும் உரிமையில்லை. ஆனால் அவளிடம் சொல்ல வேண்டும்: தையல் ஆறும்வரை குடம் தூக்கக் கூடாது, சீழ் வைக்கலாம், அடுத்த கர்ப்பத்திலே நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு பெரும் குருதிப்போக்கு வரலாம், இவை நடக்கலாம், நடந்தே தீரும் என்பதில்லை. வலியெடுத்துப் பெறத் திட்டமிட்டாலும் பத்தில் நான்கு பேருக்குக் கத்தி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்டுவிட்டு அவள் சொல்வது எதுவோ, அதற்கு நாம் துணைநிற்க வேண்டும்.

தோழர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். மறுநாள் வந்து சொன்னார்: "அவ வலி எடுத்தே பெத்துக்கறேன்றா அண்ணே. ஆனா ஆவலன்னா கத்தி வெச்சிக்கோ, புள்ளைங்க முக்கியம்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன், நீ நடுவுல பேசாதேன்னுட்டா."

நமக்கு அந்த அம்மையாரை நேரில் வணங்க வேண்டும்போல் இருந்தது.

இப்போது ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பதிந்தாகிவிட்டது. மூத்த மருத்துவர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, முதற் குழந்தையின் தலை இப்படியே இருந்தால் வலியெடுத்துப் பெற முயலலாம், 37 வரை பொறுத்துப் பார்ப்போம் என்றிருக்கிறார். இரும்புச் சத்து ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ, மேல்வயிற்றில் வலித்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, நீர் கசிந்தாலோ நாள் நட்சத்திரம் பாராமல் வந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை வீட்டுக் கதவிலே ஒட்டச் சொன்னோம். 108 எண் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வானகரம் மேம்பாலத்தடியிலே மாலை நேரத்தில் லாரிகள் அடைத்து நிற்கும்போது வண்டி எந்தச் சந்தில் நுழைந்து வரும் என்பதைத் தெருப் பையன்கள் இரண்டு பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

தாயார் மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாராம். அவரைத் திட்ட வேண்டாம் என்று தோழரிடம் சொல்லியிருக்கிறோம். தாமே ஐந்து பெற்று மூன்றைப் பறிகொடுத்தவர். நல்ல நாளைத் தவிர வேறெதையும் அவருக்கு யாரும் தந்ததில்லை.

இரத்தம் இருவருக்காவது தயாராக இருக்கவேண்டும் என்றார்கள். அங்காடியிலே சொன்னதும் சுமைத் தொழிலாளர் ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அவளுக்குப் பி நெகட்டிவ். ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது பொருந்தவில்லை. பி நெகட்டிவ், ஓ நெகட்டிவ் உள்ள தோழர்கள், மதுரவாயல், போரூர், பூந்தமல்லி, அம்பத்தூர் வட்டாரத்தில் இருந்தால், சித்திரை முதல் வாரத்துக்குள் அங்காடிச் சங்கக் கொட்டகையில் பெயரைப் பதிந்து வைக்கவும். இரவு வேலைக்காரர்கள், எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.